ஊருக்கு ஓர் எண்ணெய் ஐந்தொகை

செட்டிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரில் இன்றைக்கு இருநூற்றுக்குக் கொஞ்சம் குறைவாக அடுப்பு எரிகிறது. வீடுகளை எண்ணினால் அதைவிட நிறைய வரும். ஆனால் பெரிய வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கின்றன, கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, கோயில் திருவிழா என்றால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து திறப்பார்கள், நாலாம் நாள் மறுபடி பூட்டு. அதனால் நாங்கள் வீட்டுக் கணக்கு எடுப்பதில்லை, அடுப்புக் கணக்குதான். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கோயில் வரிக்குக் கல்யாணமான ஆளை ஒரு புள்ளி என்று எண்ணுவதுபோல, எங்கள் குழுவில் எரிகிற அடுப்பு ஒன்றுக்கு ஒரு ஆள். வாட்ஸ்அப்பில் குழுவுக்குப் பெயரும் அதுதான், 'அடுப்பு'.

பெட்ரோல், டீசல், சிலிண்டர் எல்லாம் கிடைக்காமல் போனால், அல்லது கிடைத்தும் நம்மால் வாங்க முடியாத விலைக்குப் போய்விட்டால் ஊர் எப்படி நடக்கும் என்று யோசித்து, அதற்கு இப்போதே கையால் ஆனதைச் செய்து வைக்கிற குழு அது. முதலில் கேட்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "கஜா அப்ப என்ன பண்ணீங்க?" என்று திருப்பிக் கேட்டால் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள்.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்தது. கரை கடந்தது வேதாரண்யம் பக்கம் என்றாலும் புதுக்கோட்டை மாவட்டத்தையே புரட்டிப் போட்டுவிட்டுத்தான் போனது, எங்கள் ஊர் அந்த எல்லையில் இருக்கிறது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பதினோரு நாள் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லை என்றால் போர் மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. குட்டியானை லாரியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்தார்கள், தொட்டி நிரப்ப இவ்வளவு, செல்போன் சார்ஜ் போட இவ்வளவு என்று. மூன்றாம் நாள் பக்கத்துப் பெட்ரோல் பங்குகளில் டீசல் தீர்ந்தது, வண்டியும் வரவில்லை.

அன்று மத்தியானம் என் ஆத்தாதான், "கெணறு கெடக்குல்ல, எறைச்சுக் குளிங்களேன்" என்றார்கள். எங்கள் தெருவில் ஐந்து கிணறு. மூன்று, பூட்டின வீட்டுக்குள். மீதி இரண்டில் ஒன்று குப்பை மேடு. நன்றாக இருந்த ஒரே கிணற்றுக்கு ராட்டினம் இல்லை, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இன்னொரு வீட்டுப் பரணில் தேடி ஒரு ராட்டினம் எடுத்தோம், அதில் போட வடக்கயிறு இல்லை. துணி காயப்போடுகிற நைலான் கயிற்றை நாலாக முறுக்கி வாளியைக் கட்டி இறைத்தோம், கையெல்லாம் அறுத்துவிட்டது. நாற்பது அடி ஆழத்தில் தெளிந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, மேலே இருபது பேர் நிற்கிறோம், எனக்கு மோட்டார் தொழிலே தெரியும், ஆனால் மோட்டார் இல்லாமல் அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவர எங்கள் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. எண்பது வயதுக்கு மேற்பட்ட ஆத்தா வந்து, கயிற்றை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தக் காலை முன்னால் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

நான் காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கருகின மோட்டாரைப் பிரித்துப் பழைய செம்புக் கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பது தொழில். அந்தக் கம்பி மேல் பூசியிருக்கிற எனாமலும் இந்த வார்னிஷும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறவை என்பது, தொழிலுக்கு வந்து இருபது வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எண்ணெய் என்றால் பைக்குக்குப் போடுவது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பேரில் நானும் ஒருத்தன். 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது நானும் போய் உட்கார்ந்தேன். திரும்பி வரும்போது வழியில் பெட்ரோல் போட்டேன். போராடினது சரிதான், விளைநிலத்தைத் தோண்டக் கூடாது என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நம் மண்ணில் எடுக்க வேண்டாம் என்று சொல்கிற நாம், வேறு யார் மண்ணிலிருந்தோ எடுத்ததை எவ்வளவு நம்பி வாழ்கிறோம் என்ற கேள்வி அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கஜாவுக்குப் பிறகு ஜெனரேட்டர் யாரிடம் இருக்கிறது, கிணறு யார் வீட்டில் இருக்கிறது என்று சொல்லத்தான் அந்த வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினோம். கரண்ட் வந்த பிறகு காலை வணக்கப் படங்களோடு தூங்கிப்போனது. அதைத் திரும்ப எழுப்பியது 2022-இல் இலங்கை. கொழும்புச் செட்டியார் தெருவும் கதிரேசன் கோயிலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி, அங்கே உறவு வைத்திருந்த குடும்பங்கள் இன்னும் உண்டு. டாலர் இல்லாமல் எண்ணெய்க் கப்பலுக்குப் பணம் கட்ட முடியவில்லை, ஜனங்கள் பங்கு வாசலில் நாள் கணக்கில் நின்றார்கள், வரிசையிலேயே இறந்துபோனவர்களும் உண்டு. அப்புறம் கியூஆர் கோடு போட்டு அளந்து கொடுத்தார்கள், வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. உலகத்தில் எண்ணெய் தீர்ந்துபோகவில்லை. அவர்கள் கையில்தான் தீர்ந்துபோனது.

அந்தச் சமயம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தண்ணீர் மோட்டார் கட்டக் கடைக்கு வந்தார். நான் இலங்கைச் செய்தியைப் பற்றிப் பேச, அவர் நிதானமாக, "இது எங்களுக்குப் புதுசில்லை அண்ணை" என்று தொடங்கினார். 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வரவில்லை, கரண்டும் வருஷக்கணக்காக இல்லை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், ஸ்டார்ட் பண்ண மட்டும் கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைச் சுற்றி, டைனமோ கரண்டில் ரேடியோ செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு விளக்கு எரித்துப் படித்த பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். அவரே டைனமோ கட்டினவர். எத்தனை சுற்று, எந்தக் கம்பி என்று என்னிடம் சொல்லச் சொல்ல நான் கடைச் சுவரில் பென்சிலால் எழுதிக்கொண்டேன், இன்னும் இருக்கிறது. எண்ணெய் இல்லாத நகரம் எப்படி இருக்கும் என்று தமிழில் தெரிந்த ஆட்கள் நம் பக்கத்திலேயே, நாம் முகாம் என்று ஒதுக்கி வைத்த இடத்தில் இருக்கிறார்கள்.

எண்ணெய் என்றைக்குத் தீரும் என்று நான் தேதி சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ஹப்பர்ட் என்ற நிலவியலாளர் 1956-இல், அந்நாட்டு எண்ணெய் உற்பத்தி 1970 வாக்கில் உச்சத்துக்குப் போய் இறங்கும் என்று கணக்குப் போட்டார், அப்படியே நடந்தது. ஆனால் பாறையை உடைத்து எடுக்கும் ஷேல் எண்ணெய் வந்து 2018-இல் அந்தப் பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. அதனால் தேதி சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். அதே நேரம், இந்தியா எரிக்கிற கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது, சமையல் கேஸில் பாதிக்கு மேல். அந்தக் கச்சா எண்ணெயில் ஒரு பெரிய பங்கும், கேஸில் பெரும்பங்கும் ஈரானை ஒட்டிய ஹோர்முஸ் நீரிணை என்ற கடல் இடுக்கு வழியாக வர வேண்டும். அதன் குறுகலான இடம் 33 கிலோமீட்டர்தான், காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகிற தூரம்கூட இல்லை. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினபோது சில மாதத்தில் பீப்பாய் 3 டாலரிலிருந்து 12 டாலருக்குப் போனது, அப்போதும் நிலத்துக்கடியில் எண்ணெய் நிறையவே இருந்தது. இதற்கு மேல் பருவநிலைக் கணக்கு வேறு இருக்கிறது, அதன்படி பார்த்தால் இருக்கிற எண்ணெயையே முழுக்க எரிக்கக் கூடாது.

எதுவும் நிரந்தரம் என்று நம்பி ஏமாந்த அனுபவம் செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. என் ஐயா பதின்மூன்று வயதில் பர்மாவுக்கு வட்டிக்கடை எடுபிடியாக, பெட்டியடிப் பையனாகப் போனவர். 1930-களில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. இந்த வீடுகளின் தேக்குத் தூண்களும் அங்கிருந்து வந்தவைதான். 1942-இல் ஜப்பான்காரர்கள் வந்தபோது ஐயா ஐராவதி ஓரமாக வடக்கே போய், மலை ஏறி இறங்கி நடந்தே ஊர் திரும்பினார். போகிற வழியில் யெனாங்யாங் எண்ணெய் வயல் எரிகிற புகையை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே நடந்ததாகச் சொல்வார், ஜப்பான்காரர்கள் கையில் கிடைக்கக் கூடாது என்று வெள்ளைக்காரர்களே கொளுத்தினது அது. "அம்புட்டு எண்ணெய் எரியுது, எங்க கையில ஒரு அரிக்கேன் விளக்குக்கு இல்ல" என்பார். அந்தக் கடைகள் திரும்பக் கிடைக்கவே இல்லை.

ஐயா எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஐந்தொகை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், கடல் தாண்டி இருக்கிற கடையிலிருந்து ஊரில் இருக்கும் முதலாளிக்கு எழுதி அனுப்பும் கணக்கு அது, பேரேட்டிலிருந்து எடுத்து, யாரிடம் எவ்வளவு நிற்கிறது, நாம் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி. குழுவில் ஆளுக்கொரு யோசனையாகப் பேசிக்கொண்டிருந்த போது, ஒருவர் சோலார், ஒருவர் மாடு, ஒருவர் மக்காத குப்பை என்று ஒவ்வொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோது, முதலில் ஊருக்கு ஓர் எண்ணெய் ஐந்தொகை எழுதுவோம், எண்ணெய் நமக்கு என்னென்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் என்ன என்று எப்படிப் பேசுவது என்று கேட்டேன். சரி என்றார்கள். சிவன் கோயில் வாசலில் சாயந்திரம் சாயந்திரம் உட்கார்ந்து, அடுப்புக்கு ஒரு தாள், ஒரு மாதம் எழுதினோம்.

பைக்கும் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் தெரிந்ததுதான். எங்களை உலுக்கினது வேறு. நெல் விளைகிற ஊரில் சாப்பிடுகிற அரிசி லாரியில் வருகிறது. கத்தரிக்காய் ஒட்டன்சத்திரத்திலிருந்து வருகிறது. மூன்று ஊரணி உள்ள ஊரில் குடிக்கிற தண்ணீர் கேனில் அடைத்து குட்டியானையில் வருகிறது. வயலுக்குப் போடும் 45 கிலோ யூரியா மூட்டை இயற்கை எரிவாயுவிலிருந்து செய்தது, அதாவது சிலிண்டருக்கு உறவுக்காரன். நாங்கள் நேராக வாங்கி ஊற்றுகிற லிட்டரைவிட, பொருளுக்குள் ஒளிந்துகொண்டு வீட்டுக்கு வருகிற லிட்டர்தான் எங்களை அதிகம் கட்டிப் போட்டிருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் என்றால் என்ன என்பதை யூனிட் கணக்கில் சொன்னேன், கரண்ட் பில் எல்லோருக்கும் தெரியும் என்பதால். அதில் இருக்கிற வெப்பம் சுமார் 9 யூனிட். நல்ல உடம்புக்காரர் எட்டு மணி நேரம் விடாமல் உழைத்தால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். எஞ்சின் முக்கால்வாசியைச் சூடாக வெளியே விட்டுவிடுகிறது, அப்படியும் ஒரு லிட்டருக்கு நாலு ஆள் ஒரு நாள் பாடுபட்ட வேலை கிடைக்கிறது, நூறு ரூபாய் சொச்சத்துக்கு. இதைச் சொன்னதும் ஒரு விவசாயி, "அப்ப அது போச்சுன்னா அந்த நாலு ஆளு எங்கேருந்து வருவான்?" என்று கேட்டார். ஊரில் வேலை செய்கிற வயதில் ஆளே இல்லை, அதுதான் அவர் கேட்டது. அன்றைக்கு ரொம்ப நேரம் யாரும் எதுவும் பேசவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இந்தப் பேச்சில் நிறைய பேர் குழம்புகிற இடம் அது. கரண்டும் எண்ணெயும் ஒன்றில்லை. நம் கரண்டில் பெரும்பங்கு நிலக்கரி, அப்புறம் காற்று, வெயில், நீர், அணு. எண்ணெய்க்குப் பிறகு என்றால் இருட்டு என்று அர்த்தம் இல்லை. குழுவில் ஒருவர் ஆர்வத்தில், எல்லோரும் ஆட்டுக்கல்லை மறுபடி எடுப்போம் என்று எழுதினார். அதற்கு ஓர் ஆச்சி குரல் பதிவில் சொன்னதை அப்படியே தருகிறேன். "தம்பி, அந்தக் கல்லச் சுத்தி என் தோள் போச்சு. வெறகுப் பொகையில எங்க ஆயாவுக்குக் கண்ணு போச்சு. பழசுக்குப் போகணும்னா ஆம்பளைங்க முதல்ல அடுப்படிக்கு வாங்க, அப்பறம் பேசுவோம்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆச்சி சொன்னதை நாங்கள் விதியாகவே எழுதி வைத்திருக்கிறோம்: எந்த மாற்றமும் வீட்டுப் பெண்கள் முதுகில் போய் உட்காரக் கூடாது. கிரைண்டருக்கு ஓடுகிற மோட்டார் 150 வாட்தான், அதற்கு வெயிலே போதும். ஒரு கிலோவாட் பேனல் எங்கள் வெயிலுக்கு நாளுக்கு 4 யூனிட் தரும், மூன்று கிலோவாட் போட்டால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வருகிறது. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டர் போக 3 யூனிட் அளவுதான் கேட்கிறது. இத்தனைக்கும் பேட்டரி ஆராய்ச்சிக்கு நாட்டிலேயே பெயர் பெற்ற சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எங்கள் காரைக்குடியில் இருக்கிறது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறந்தது. நம் பிள்ளைகள் அதன் மதில் சுவரைத் தாண்டித் தினம் பஸ்ஸில் போகிறார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல்.

ஆனால் பேட்டரி எல்லா வேலையும் செய்யாது. வயலிலிருந்து நெல் மூட்டை வர வேண்டும், எரு போக வேண்டும், விறகு வர வேண்டும். அங்கேதான் மாட்டு வண்டிப் பேச்சு வந்தது. சிராவயல் மஞ்சுவிரட்டுக்காகக் காளை வளர்க்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய, ஆனால் அந்தக் காளை ஏருக்கும் வண்டிக்கும் பழகினது இல்லை. வண்டி தெரிந்தவர்கள் யார் என்று தேடினால், பந்தயக்காரர்கள். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டு வண்டிப் பந்தயம் ஓட்டுகிற சாரதிகளிடம்தான் நுகத்தடி பூட்டவும் மாட்டின் மூச்சைப் பார்த்து ஓட்டவும் தெரிகிற கை இன்னும் இருக்கிறது. அவர்கள் வழியாகத்தான் ஆசாரியிடம் போனோம்.

அவருக்கு 78 வயது. புதுச் சக்கரம் செய்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, பந்தய வண்டிகளைப் பழுது பார்ப்பதோடு சரி. பட்டறையில் ஒரு பழைய சக்கரத்தைச் சாத்தி வைத்து, கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் ஆரக்கால்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். பன்னிரண்டு ஆரக்கால், நடுவில் அவை சொருகியிருக்கிற குடம். ஏழாவதில் நிறுத்தி மறுபடி தட்டினார். "கேளுங்க" என்றார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. மூன்றாவது தடவை தட்டியபோதுதான் அதில் மட்டும் சத்தம் லேசாக அமுங்கிப் போவது தெரிந்தது. "இது குடத்துல உக்காரல. பட்டை இறுக்கினா இதுதான் முதல்ல போகும்." மோட்டார் பேரிங் போய்விட்டதா என்று ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்பது என் தினசரி வேலை, அதனால் அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது, ஆனால் அவருக்குக் கேட்பது எனக்குக் கேட்க இன்னும் பல வருஷம் ஆகும்.

இரும்புப் பட்டையை எவ்வளவு சின்னதாக அடிக்க வேண்டும் என்று கேட்டேன். சக்கரத்தின் மர விளிம்பான வட்டையைக் கயிற்றால் சுற்றி அளந்து, அதில் ஒரு விரற்கடை குறைக்க வேண்டுமாம். வறட்டி அடுக்கி நெருப்பு வைத்துப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, விரிந்திருக்கும்போதே சக்கரத்தில் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றினால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். அதிகம் குறைத்தால் வட்டை வெடித்துவிடும், குறைக்காமல் விட்டால் நடுவழியில் பட்டை கழலும். மரம் காய்ந்த பதத்தைப் பார்த்து அந்த விரற்கடை கூடும் குறையும், அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று அவருக்கே தெரியவில்லை. வண்டி மைக்குக்கூடக் கடை கிரீஸ் வேண்டாம் என்றார், வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்தால் போதும். அவருடைய ஒரு மகன் திருப்பூரில், ஒரு மகன் சிங்கப்பூரில். பட்டறையில் வேறு யாரும் இல்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்ணெய் தீர இன்னும் எத்தனை வருஷமோ தெரியாது, ஆனால் எண்ணெய் இல்லாமல் வாழத் தெரிந்தவர்கள் அதற்கு முன்னாலேயே நம்மை விட்டுப் போய்விடுவார்கள். கஜாவில் கிணற்றடியில் வந்து நின்ற என் ஆத்தா இப்போது இல்லை. இங்கிலாந்தில் டாட்னஸ் என்ற சின்ன ஊரில் 2006-இல் இதே மாதிரி எண்ணெய்க்குப் பிறகான வாழ்க்கைக்கு ஊரைத் தயார் செய்யும் வேலையைத் தொடங்கினார்கள், அவர்கள் வகுத்துக்கொண்ட படிகளில் ஒன்று, மலிவு எண்ணெய் வருவதற்கு முன்னால் வாழ்ந்த பெரியவர்களிடம் போய்க் கேட்பது. நமக்கும் அதுதான் முதல் வேலை என்று குழுவில் எழுதினேன். பேனல் அடுத்த வருஷம்கூட வாங்கலாம், விலை குறையவும் செய்யும். ஆசாரியை அடுத்த வருஷம் எந்தக் கடையில் வாங்குவது?

போன மாசி மாதம் ஒரு நாள் பரிட்சித்துப் பார்த்தோம். சனி சாயந்திரம் ஆறு முதல் ஞாயிறு சாயந்திரம் ஆறு வரை பெட்ரோல், டீசல், சிலிண்டர் தொடுவதில்லை, நோயாளிகளுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் விலக்கு. அறுபது அடுப்புக்கு மேல் சேர்ந்தது. புது கான்கிரீட் வீடுகளில் விறகு எரிக்கவே முடியவில்லை. ஒரு வீட்டில் புகை நிறைந்து குழந்தை இருமி, ஒன்பது மணிக்கெல்லாம் கேஸைப் பற்ற வைத்துவிட்டார்கள், அவர்கள் செய்தது சரி. பழைய வீடுகளில் அடுப்படியை முற்றத்தை ஒட்டி வைத்ததன் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு பெரிய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் எல்லோரும் கூடி ஒரே சமையலாகச் செய்ய முடிவு பண்ணினோம், பழனிப் பாதயாத்திரையில் சமைக்கிறவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு நடந்தே பழனி போய் நடந்தே திரும்புகிற கூட்டம் அது, நானூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது என்பார்கள். அத்தனை பேருக்கு எந்த ஊரில் தங்கல், எங்கே தண்ணீர், எத்தனை மணிக்கு உலை வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. முப்பது பேருக்குத் தனித்தனியாக எரித்தால் ஆகிற விறகில் நூறு பேருக்கு மேல் சாப்பிட்டோம். ஆம்பிளைகள் காய் நறுக்கி, பாத்திரம் கழுவினார்கள். ஆச்சி வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோற்றுப்போனதையும் சொல்ல வேண்டும். காலையில் பால் வண்டி வராது என்று நினைத்தே பார்க்கவில்லை, கறந்த பாலை என்ன செய்வது என்று தெரியாமல் பாதி வீணானது. இரண்டு கிலோமீட்டர் நடந்து வருவதற்குப் பெரியவர்கள் நாலு பேருக்கு மூச்சு வாங்கிவிட்டது, உட்கார வழியில் நிழலே இல்லை. சாண எரிவாயுவுக்கு நாலைந்து மாடு இருக்கிற வீடு வேண்டும், அப்படிப்பட்ட வீடு எங்கள் ஊரில் மூன்றுதான்.

அந்த ராத்திரியில்தான் 'முதல் லிட்டர் யாருக்கு' என்ற பட்டியலை எழுதினோம். நெருக்கடி வந்த பிறகு இதைப் பேசினால் அடிதடியில் முடியும், இப்போது பேசினால் யோசிக்கலாம். வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸுக்குக் காரைக்குடி போகிறவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார், முதல் லிட்டர் அவருக்கு. அதற்கு மறுப்பே வரவில்லை. அடுத்து பிரசவம், அப்புறம் குடிதண்ணீர் மோட்டாருக்கு ஜெனரேட்டர், அறுவடை, பால். ரொம்ப நேரம் சண்டை நடந்தது டிராக்டருக்கும் பள்ளிக்கூட வேனுக்கும் நடுவில். கடைசியில் உழவு முன்னால், பள்ளிக்கு சைக்கிள் கூட்டம் என்று முடிந்தது. எனக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை, எட்டு கிலோமீட்டர் போகிற சின்னப் பிள்ளைகளை நினைத்தால்.

வெளியூரில் இருக்கிறவர்களைக் குழுவில் என்ன செய்வது என்பதும் பெரிய தலைவலியாக இருந்தது. சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறவர்களுக்கு ஊர் மேல் பாசம் அதிகம், நேரமும் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஐம்பது செய்தி அனுப்புவார்கள், இங்கே அடுப்பு எரிகிற வீட்டுக்காரர் சொன்ன ஒரு வரி அதில் மூழ்கிவிடும். அதனால்தான் அடுப்புக்கு ஒரு ஆள் என்ற விதி. வெளியூர்க்காரர்களுக்குத் தனிக் குழு. கோபப்பட்டுச் சிலர் விலகினார்கள், வருத்தம்தான். ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் மறுநாளே தன் வீட்டுச் சாவியை ஊரில் ஒருவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார், உள்ளே இருக்கிற கிணற்றைத் தூர் எடுத்து ராட்டினம் மாட்டிக்கொள்ளுங்கள் என்று. பிறகு மற்ற பூட்டின வீடுகளும் திறக்க, இப்போது எங்கள் தெருவில் நாலு கிணற்றில் இறைக்க முடியும். வடக்கயிறு ஒவ்வொன்றிலும் கிடக்கிறது.

ஆசாரியிடம் ஐடிஐ படிக்கும் பையன்கள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறார்கள். போன வாரம் அவர் ஒரு முழுச் சக்கரம் முதலிலிருந்து செய்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார், நாங்களாகக் கேட்கவில்லை. குடத்துக்கு நாட்டுக் கருவேலம் வேண்டும், நன்றாகக் காய்ந்தது, ஒன்றரை அடி நீளம், ஓர் அடிக்குக் குறையாத கனம். கண்மாய்க் கரை முழுக்கச் சீமைக் கருவேலம்தான் நிற்கிறது, அது ஆகாது என்கிறார். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் பக்கம் யார் வீட்டிலாவது பழைய நாட்டுக் கருவேலங்கட்டை கிடந்தால் கீழே எழுதுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். வறட்டி சேர்த்தாகிவிட்டது.